இரு மனத் துப்பாக்கி

வாத்துக்களின் மேல் ஒரு பாதிரியாருக்கு உண்டான கோபத்தினால் உலகத்துப் பட்டாளங்கள் எல்லாம் துப்பாக்கியை மாற்றிக்கொள்ள நேர்ந்தது என்றால் நம்புவது கஷ்டந்தான். ஆனால் சரித்திரம் அப்படித்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகருக்குப் பக்கத்தில் பெல்ஹெல்வி என்று ஒரு கிராமம். அந்த ஊர் மாதா கோயிலுக்குப் பாதிரியார் அலெக்ஸாண்டர் ஜான் ஃபோர்ஸைத். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்வார்; மற்ற நாட்களில் ரசாயன ஆராய்ச்சியும் வாத்து வேட்டையுமாகப் பொழுதைப் போக்குவார்.

அந்தக் காலத்துத் துப்பாக்கியில் குதிரையின் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வ வைத்திருப்பார்கள். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து கல் எஃகில் உரசும், பொறி பறக்கும், வெளியே ஒரு சின்னக் கிண்ணியில் இருக்கும் மருந்து 'பளிச்' என்று பற்றிக்கொள்ளும், அந்த நெருப்பு ஒரு துளை வழியாக உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்ற வைத்த பிறகுதான் ரவை புறப்படும். இந்தப் 'பளிச்'சுக்கும் 'டுமீ'லுக்கும் இடையே உள்ள கண்ணிமைப்பு நேரம் வாத்துக்குப் போதுமானதாக இருந்தது. வெளிச்சத்தைக் கண்டதும் தண்ணீரில் முழுகிவிடும். ரவை வந்து சேரும்போது அங்கே நீர்வளையந்தான் இருக்கும்.

பாதிரியார் யோசித்தார். தட்டினாலே வெடிக்கிற மருந்து ஒன்றை அடைத்து வைத்து, குதிரையைச் சுத்தியல் மாதிரி அதன்மேல் விழச் செய்தால் என்ன? கல்லும் வேண்டாம், கிண்ணியும் வேண்டாம், வாத்துக்கு எச்சரிக்கையும் இல்லை. 1807-இல் இதற்கு அவர் காப்புரிமை பெற்றார். ராணுவத் தளவாட இலாகாவின் தலைவராக இருந்த மொய்ரா பிரபு அவரை அழைத்து லண்டன் கோபுரக் கோட்டையிலேயே ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்தார். அடுத்து வந்த தலைவரோ, குப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போகலாம் என்று சொல்லிவிட்டார். இந்த மொய்ரா பிரபுதான் 1813-இல் நம் நாட்டுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து, பிற்பாடு ஹேஸ்டிங்ஸ் பிரபு என்று பெயர் பெற்று, பத்து வருஷம் ஆண்டவர். பாதிரியாருடைய தத்துவத்தை மற்றவர்கள் செப்பனிட்டார்கள். 1820-ஐ ஒட்டிய வருஷங்களில், ஒரு சின்னச் செப்புத் தொப்பிக்குள் துளி மருந்தை அப்பி, குழலின் அடியில் உள்ள முளையின்மேல் அதைக் கவிழ்த்து வைக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. இதுதான் 'கேப்பு'. தீபாவளிக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் சுருள் கேப்பு வைத்துக் காதைத் துளைக்கிறார்களே, அதற்கும் மூலபுருஷர் இந்தப் பாதிரியார்தான்.

இந்தக் கதையை இங்கே நீட்டிச் சொன்னதற்குக் காரணம் ஏற்காடு.

சேலத்திலிருந்து பார்த்தால் வடகிழக்கே நீலமாகத் தெரிகிற சேர்வராயன் மலை 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலோடு சேர்ந்து கம்பெனியார் கைக்கு வந்தது. சிகரம் 5,300 அடிக்கு மேல். அதன் உச்சியில் குகைக்குள்ளே சேர்வராயன் சந்நிதி இருக்கிறது. வருஷந்தோறும் மே மாதம் திருவிழா. கம்பெனியார் இந்த மலையைக் கொஞ்ச காலம் கண்டுகொள்ளவில்லை. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற துரைதான் மேலே ஏறிப் பார்த்து, காப்பிச் செடியைக் கொண்டு வந்து நட்டார். துரைமார்களின் ஏற்காடு அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செப்புக் கேப்பு கடைக்கு வந்த அதே பத்து வருஷத்தில் காப்பிச் செடி மலையேறுகிறது. இரண்டும் கூட்டாளிகள் மாதிரி வந்து சேர்ந்தன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஏற்காட்டில் மார்கழிக் காலையில் நடந்து பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். பத்தடிக்கு அப்பால் இருக்கிற சில்வர் ஓக் மரம் தெரியாது, சட்டை நனைந்துவிடும், இலை நுனியெல்லாம் சொட்டும். அந்தப் பனியில் கிண்ணியில் இருக்கிற மருந்து கூழாகிவிடாதா? திரியைப் பற்றவைத்துச் சுடுகிற இன்னும் பழைய துப்பாக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திரியின் நாற்றத்திலேயே பன்றி மூன்று மேடு தாண்டிப் போய்விடும். செப்புத் தொப்பிக்குள் பத்திரமாக இருக்கிற மருந்துக்கு மட்டுந்தான் இந்த மலைப் பனியில் மரியாதை.

தோட்டம் போட வந்த துரைமார்கள் கையில் வேட்டைக்காக இருந்த கேப்புத் துப்பாக்கிகளில் ஒரு விசித்திர ஜாதி உண்டு. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பார்வைக்குச் சாதாரண இரட்டைக் குழல். ஆனால் வாயைத் திருப்பி உள்ளே எட்டிப் பார்த்தால், ஒரு குழல் மூங்கில் மாதிரி வழவழவென்று இருக்கும்; மற்றொன்றில் திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டு போகும் பள்ளங்கள் இருக்கும். முதலாவது ரவைக் குழல். ஒரு பிடி ஈய ரவையைக் கொட்டிப் பறக்கிற பறவையை அடிக்க. இரண்டாவது ரைபிள் குழல். பள்ளத்தைப் பிடித்துச் சுழன்றுகொண்டே போகிற ஒற்றைக் குண்டு, பம்பரம் சாயாமல் நிற்பது போல, திசை பிசகாமல் நூறு கஜத்துக்கு அப்பாலும் போய்த் தைக்கும். தென் ஆப்பிரிக்காவில் குடியேறியவர்களிடம் இது மிகவும் பிரபலமாகி, அந்த நாட்டு முனையின் பேரிலேயே 'கேப் துப்பாக்கி' என்று பெயர் வாங்கிக்கொண்டது. செப்புக் கேப்புக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. ஜெர்மானியர்களும் ஆஸ்திரியர்களும் இதில் பைத்தியமாகவே இருந்தார்கள்; பிற்காலத்தில் மூன்று குழல் வரைக்கும் போய்விட்டார்கள்.

எதற்காக இப்படி ஒரு கலப்படம்? மலைக்காட்டில் நடக்கிறவனுக்கு அடுத்த வளைவில் என்ன நிற்கப் போகிறது என்று தெரியாது. புதரிலிருந்து காட்டுக்கோழி 'பர்' என்று எழும்பலாம். கடமான் நிமிர்ந்து பார்க்கலாம். காட்டுப்பன்றி தலையைக் குனிந்துகொண்டு வரலாம். இந்த மலையில் காட்டெருமையும் உண்டு; இப்போதுகூடக் காப்பித் தோட்டத்துக்குள் வந்து நின்று பயணிகளைப் பிரமிக்க வைக்கிறது. பின்னாலே துப்பாக்கி தூக்குகிறவர்கள் நாலு பேரை அழைத்துப் போகிற பெரிய துரைக்கு ஆளுக்கொரு துப்பாக்கி. தனியாக நடக்கிற சின்னத் தோட்டக்காரன் என்ன செய்வான்? இரண்டு சந்தேகத்தையும் ஒரே கட்டையில் பொருத்திக்கொண்டான். நம் பாஷையில் 'இரு மனம்' என்றால் அது நல்ல பேர் அல்ல. அந்தப் பெயரைத்தான் நான் இந்தத் துப்பாக்கிக்கு வைத்திருக்கிறேன். இதற்கு அது பொருத்தமாகவும் இருக்கிறது, புகழ்ச்சியாகவும் இருக்கிறது.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து நண்பர் வீட்டுச் சுவரில் இத்தகைய துப்பாக்கி ஒன்று தொங்குகிறது. பழைய ஆயுதங்களைச் சேர்ப்பதில் அவருக்கு மோகம். ஆணியிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார். கனத்தது. செய்தவன் பெயர் வெட்டியிருந்த இடம் துடைத்துத் துடைத்தே தேய்ந்து போயிருக்கிறது. குழலின் மேல் பட்டுச் சேலையின் நீரோட்டம் மாதிரி ஓர் அலை ஓடுகிறது. இரும்பு நாடாவையும் எஃகு நாடாவையும் சேர்த்து முறுக்கி, ஒரு கம்பியின்மேல் கொடி மாதிரி சுற்றி, சூடாக்கிச் சூடாக்கித் தட்டி ஒட்டவைத்த குழல் இது. இங்கிலாந்தில் இதற்கென்று தேய்ந்த குதிரை லாட ஆணிகளைத் தேடி வாங்குவார்களாம். கல்பாதையில் அடிபட்டு அடிபட்டு அந்த இரும்பு பக்குவப்பட்டிருக்கும் என்று நம்பிக்கை. இரும்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1830-ஐ ஒட்டி ஹீத் என்ற துரை பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலை வைத்தார். அதற்குக் கல் போனது சேலத்துக் கஞ்சமலையிலிருந்து. அந்த இரும்பு ஷெஃபீல்டு வரை கப்பலேறியது. மலையடிவாரத்திலிருந்து இரும்பு சீமைக்குப் போக, மலையுச்சிக்குச் சீமையிலிருந்து துப்பாக்கி வந்துகொண்டிருந்தது!

"எத்தனை நம்பர் குழல்?" என்று கேட்டேன். "பதினாறு" என்றார். இந்தக் கணக்கு வேடிக்கையானது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சரி சமமான எத்தனை உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை அந்தக் குழலில் சரியாக அடங்குமோ, அதுதான் குழலின் நம்பர். பதினாறாம் நம்பர் என்றால் உருண்டை ஓர் அவுன்ஸ். பன்னிரண்டாம் நம்பர் அதைவிடப் பெரிசு. நம்பர் குறையக் குறையக் குண்டு கனக்கும். இலங்கையிலே யானை வேட்டையாடிய ஸாமுவேல் பேக்கர் போன்றவர்கள் கையாண்டவற்றில் ஒற்றை இலக்கத்து ராட்சதத் துப்பாக்கிகளும் உண்டு. அந்த நாட்டிலேயே மேஜர் ராஜர்ஸ் என்று ஒருவர் இருந்தார். பதுளையில் சர்க்கார் உத்தியோகம். ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று கணக்குச் சொல்கிறார்கள். 1845-இல் ஹப்புத்தளையில் மழைக்கு ஒதுங்கியவர் வெளியே வந்து பார்த்தபோது இடி விழுந்து இறந்தார். யானைகளின் சாபம் என்று ஊரார் சொன்னதில் ஆச்சரியமில்லை.

நண்பர் வீட்டுத் துப்பாக்கிக்குத் திரும்புவோம். இதைக் கெட்டிப்பது ஒரு சடங்கு. முதலில் அளவுக் குப்பியிலிருந்து கரிமருந்து, பிறகு தக்கை, பிறகு ரவை, ரவை உருண்டு வராமல் மேலே இன்னொரு தக்கை, இடிகோலால் சீராக அமுக்க வேண்டும். ரைபிள் குழலுக்கு எண்ணெய்த் துணியில் சுற்றிய உருண்டை. அது பள்ளத்தைக் கவ்விக்கொண்டு இறங்க மறுக்கும். கடைசியாகத்தான் கேப்பு. வரிசை மாறினால் விரல் போகும். ரவைக் குழலை ஒருமுறை சுட்டுவிட்டு மறுபடி கெட்டிக்கும்போது, பக்கத்து ரைபிள் குழலில் கேப்பு இருக்கிறது என்பது மறந்து போனால் தலையே போகும். சுட்டவுடன் வெள்ளைப் புகை திரை மாதிரி விழுந்துவிடும்; பனி நாளில் அது கலையவே கலையாது. அடித்தோமா இல்லையா என்று பார்க்கக் குனிந்து புகைக்கு அடியில் எட்டிப் பார்க்க வேண்டும். மாலையில் வீட்டுக்கு வந்ததும் குழலை வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் மறுநாள் துரு. இத்தனைக்கும் இது ஒரு காலத்தில் நவநாகரிகக் கருவி!

இந்த இரு மனக்காரனின் வாழ்வு குறுகியது. 1860-க்குப் பிறகு பின்பக்கம் திறந்து தோட்டாவைச் செருகும் துப்பாக்கிகள் சந்தைக்கு வந்தன. 1866-இல் பிரிட்டிஷ் ராணுவமே அதற்கு மாறியது. மிச்சம் இருந்த உயிரையும் வாங்கினவர் ஃபாஸ்பரி என்ற இந்தியச் சேனை அதிகாரி. 1863-இல் வடமேற்கு எல்லைப் போரில் விக்டோரியா கிராஸ் வாங்கியவர். குழல் முழுவதும் வழவழப்பு, வாய்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் முறுக்குப் பள்ளம் என்று ஒரு யுக்தி செய்து 1885-இல் பதிவு செய்தார். ரவையும் சிதறாது, குண்டும் பிசகாது. ஒரே குழலுக்குள் இரண்டு மனமும் அடங்கிவிட்டபோது பழைய கலப்படத்துக்கு வேலை ஏது?

துரைமார்கள் பழசைக் கழித்துவிட்டுப் புதுசு வாங்கினார்கள். அப்படியானால் கேப்புத் துப்பாக்கியின் கதை இந்த மலையில் அத்துடன் முடிந்ததா என்றால், இல்லை. பாதிக் கதைதான் ஆயிற்று.

மறு பாதி மலையாளிகளுடையது. கேரளத்துக்காரர்களைச் சொல்லவில்லை. சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை முதலிய மலைகளில் பரம்பரையாக வாழ்கிற, தமிழே பேசுகிற பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். காஞ்சீபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த சகோதரர்களின் வம்சம் என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். 1909-இல் தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி ஏழு பாகம் எழுதிய தர்ஸ்டன், இவர்களுடைய எருதாட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பொங்கலையொட்டி வேட்டைக்குப் போவதும் இவர்கள் வழக்கமாக இருந்தது. ஆனால் துப்பாக்கி இவர்களுக்குப் பிரதானமாகத் திருவிழாச் சாமான் அல்ல. சாமையும் கேழ்வரகும் கிழங்கும் பயிரிட்டவன் ராத்திரியில் பரண்மேல் உட்கார வேண்டும். ஒரு பன்றிக் கூட்டம் ஒரே இரவில் ஒரு வருஷத்துச் சாப்பாட்டை உழுதுவிட்டுப் போய்விடும். அவனுக்கு வாய்வழியே கெட்டிக்கிற ஒற்றைக் குழல் போதும். அதன் மருந்தை அளந்து போடலாம். ஈயம் இல்லாவிட்டால் வேறெதையாவது போடலாம். கட்டை உடைந்தால் ஊர்த் தச்சனே கட்டை போடுவான். தோட்டா வேண்டுமென்றால் சீமையை எதிர்பார்க்க வேண்டும். இப்படியாக, துரை தூக்கிப் போட்ட யந்திரம் மலையாளியின் கையில் இன்னும் நூறு வருஷம் உழைத்தது.

நடுவில் சட்டம் வந்தது. 1857-ஐ மறந்துவிடக் கூடாது. அந்த வருஷம் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்த கொழுப்புத் தோட்டா எந்தத் துப்பாக்கிக்கு? என்ஃபீல்டு ரைபிள், அதுவும் கேப்பு வைத்துச் சுடுவதுதான். கலகம் வடக்கே நடந்தது. பயம் ஏற்காடு வரைக்கும் ஏறிவிட்டது. அங்குள்ள மிகப் பழைய பங்களாக்களில் ஒன்றான கிரேஞ்சுக்கு அப்போதுதான் கோட்டை மாதிரி மதில் எழுப்பிப் பீரங்கி ஏற்றினார்கள் என்று ஊரில் சொல்வதுண்டு. பீரங்கிக்கு வேலை வரவில்லை. காகிதத்துக்குத்தான் வேலை வந்தது. தெற்கே பாளையக்காரர் சீமைகளில் 1801-லேயே ஆயுதம் பறித்தாயிற்று. 1857-லும் 1860-லும் ஆயுதச் சட்டங்கள் வந்தன. 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்தது எல்லாவற்றிலும் கடுமை: இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும்; ஐரோப்பியனுக்கு வேண்டாம். ஒரே மலையில், ஒரே பனியில், ஒரே பன்றியைச் சுடுகிற இரண்டு பேரில் ஒருவன் கையில் இருப்பது உடைமை. மற்றவன் கையில் இருப்பது குற்றம்.

இதை எதிர்த்து முதல் பேச்சுக்கள் எழுந்த இடங்களில் நம் சென்னையும் ஒன்று. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸில் இந்தச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. இளைஞரான விபின் சந்திர பாலர் அதில் ஆவேசமாகப் பேசினார். நிறபேதம் நீங்க முதல் உலக யுத்தம் முடிய வேண்டியிருந்தது. மேற்கே குடகு மலையில் கதை வேறு. குடகர்களுக்கு 1861 முதல் விதிவிலக்கு, இன்றும் நீடிக்கிறது, 2019-இல் மேலும் பத்து வருஷத்துக்குப் புதுப்பித்தார்கள். அவர்கள் துப்பாக்கிக்குப் பூச்சூட்டிப் பூஜை செய்கிறார்கள். குடகன் துப்பாக்கி ஒரு குலச் சின்னம். சேர்வராயன் மலைத் துப்பாக்கி ஒரு போலீஸ் வழக்கு. இரண்டும் மலை, இரண்டும் காப்பி. வித்தியாசம் ராஜவிசுவாசத்தைப் பற்றி வெள்ளைக்காரன் எழுதி வைத்த குறிப்பில் இருக்கிறது.

ஏற்காட்டில் பழைய ஆயுதம் சேர்த்தவர்களில் தலைசிறந்தவர் துப்பாக்கி சேர்க்கவில்லை. பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். பூகர்ப்ப இலாகாவில் உத்தியோகம். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலத்துக் கல்லாயுதத்தைக் கண்டெடுத்து, இந்தியாவில் மனிதனின் வயசைப் பல்லாயிரம் வருஷம் கூட்டியவர். அவருடைய மாமனாரைத் தமிழர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை வைத்துக்கொண்டு பைபிளை மொழிபெயர்த்தவரும், நம் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் தொகுத்தவருமான பெர்சிவல். அவர் 1882-இல் ஏற்காட்டிலேதான் காலமானார். ஃபூட்டும் ஓய்வுக் காலத்தில் ஏற்காட்டில் வீடு வைத்துக்கொண்டார். 1912-இல் கல்கத்தாவில் இறந்தபோதும் அஸ்தி ஏற்காட்டு மாதா கோயிலுக்கு வந்தது.

காப்பிக்குக் குழி வெட்டும்போதும் ஏர் ஓட்டும்போதும் இந்த மலையில் வழவழப்பாகத் தீட்டிய கல் கோடரிகள் கிடைத்துக்கொண்டிருந்தன. புதிய கற்காலத்தவை. மலையாளிகள் அவற்றை எறிந்துவிடவில்லை. பிள்ளையார் முன்னே கொண்டுபோய் வைத்தார்கள். இது சாதாரணக் கல் அல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஃபூட் அப்படிப்பட்ட கற்களைத் தேடிச் சேகரித்தார். 1904-இல் அவர் சேகரிப்பு முழுவதும் சென்னை மியூசியத்துக்குப் போயிற்று. அதன் விவரப் பட்டியல்கள் அவர் மறைந்த பிறகு 1914-லும் 1916-லும் அச்சாயின. ஃபூட் இல்லாவிட்டால் அந்தக் கற்களுக்குத் தேதி இல்லை. மலையாளிகள் இல்லாவிட்டால் கற்களே இல்லை. மியூசியத்துச் சீட்டில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

என் நண்பருக்கு ஃபூட்மேல் பொறாமை. "கல்லுக்கு லைசென்ஸ் கேட்க மாட்டான் பாருங்கள்" என்பார். அவருடைய இரு மனத் துப்பாக்கியின் குழல் இரண்டும் அடைக்கப்பட்டிருக்கின்றன. கேப்பு வைக்கும் முளைகளைப் பிடுங்கியாயிற்று. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த மாதிரியிலோ புராதன மதிப்புள்ளதோ ஆன ஆயுதத்துக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் ரிப்பேர் செய்தாலும்கூட அது சுடாது என்ற நிலையில் இருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் சுவரில் மாட்ட வேண்டுமானால் முதலில் அதைக் கொன்றுவிட வேண்டும். இங்கிலாந்தில் அப்படியில்லை. அங்கே வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிக்காரர்களுக்கென்றே 1952 முதல் ஒரு சங்கம் இருக்கிறது; ஞாயிற்றுக்கிழமைகளில் கரிமருந்து போட்டுக் காகித இலக்கைச் சுட்டு, புகையை முகர்ந்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். "வீணையை மீட்டாமல் மாட்டி வைக்கலாமா?" என்று நண்பர் கேட்கிறார். வீணை யாரையும் கொன்றதாக நான் கேள்விப்படவில்லை என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவையும் படித்துப் பார்த்தேன். லைசென்ஸ் வழங்க வேண்டிய ஆயுதங்களில் 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் ஒன்று; உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கி மற்றொன்று. 1959-இல் டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர்கள், ராணுவம் நூறு வருஷம் முன்பு கைவிட்ட யந்திரத்தை மறக்காமல் எழுதியிருக்கிறார்கள். பரண்மேல் இருந்த மனிதனை அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் சட்டப் புத்தகத்தில் 'வழங்க வேண்டும்' என்று இருப்பதற்கும், மலையிலிருந்து இறங்கி வருகிறவன் ஆபீஸ் வாசலில் நிற்பதற்கும் நடுவே எத்தனை கொண்டை ஊசி வளைவு என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே.

மலைச் சரிவில் ஒரு சிற்றூரில் எண்பது வயசைத் தாண்டிய ஒரு கவுண்டரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய தகப்பனாருக்கு லைசென்ஸ் இருந்தது.

"பெரியவரே, கேப்பு எங்கே வாங்குவார்கள்?"

"சேலத்துக்குத்தானுங்க போவணும். விடியக்காலம் எறங்கினா பொழுது சாயத் திரும்பலாம். புஸ்தகத்துல எழுதித்தான் குடுப்பான். எண்ணி எண்ணிக் குடுப்பான்."

"தீர்ந்து போய்விட்டால்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "தீக்குச்சி மருந்துதானுங்க. சமயத்துல வெடிக்கும், சமயத்துல வெடிக்காது. வெடிக்காத அன்னிக்குப் பன்னிக்கு யோகம்."

"குறி தவறுமா?"

"ஒரு சுடுதானுங்களே ஐயா! தப்பினா மறுபடி கெட்டிக்கறதுக்குள்ள அது நம்ம மேல வந்துரும். அதனால எங்கப்பாரு கிட்டக்க வர்ற வரைக்கும் சுடவே மாட்டாரு. வருஷத்துக்கு எண்ணினா ஏழெட்டுச் சுடு. அவ்வளவுதானுங்க."

வேட்டை நூல்களில் துரைமார்கள் தரும் கணக்குகளை நான் படித்திருக்கிறேன். 1860-களில் சேர்வராயன் மலைகளைப் பார்வையிட்டுச் சித்திரம் வரைந்த டக்ளஸ் ஹாமில்டன் எழுதிய தென்னிந்திய வேட்டைக் குறிப்புகள் 1892-இல் புத்தகமாக வந்தன. நல்ல சித்திரக்காரர், மிருகங்களின் குணத்தைக் கூர்ந்து பார்த்தவர். அவர் எழுதியதில் சாவுகளின் எண்ணிக்கையைப் படித்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் புத்தகத்தை மூட வேண்டியிருக்கிறது. ஏழெட்டுச் சுடு என்ற கவுண்டர் கணக்கை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது அவசியமான சட்டம் என்பதே என் கட்சி. அது வந்திராவிட்டால் இன்று ஏற்காட்டில் காட்டெருமையைப் படத்தில்தான் பார்த்திருப்போம். ஆனால் மிருகங்களை ஆயிரக்கணக்கில் தீர்த்தவர்கள் கப்பலேறிப் போன பிறகு, கணக்கு நேர் செய்ய நிறுத்தப்பட்டவன் பரண்காரன். லைசென்ஸ் புதுப்பிக்கப்படாத துப்பாக்கிகளும், லைசென்ஸே இல்லாமல் கொல்லர் பட்டறையில் பிறந்த நாட்டுத் துப்பாக்கிகளும் கூரைக்குள்ளும் பாறை இடுக்கிலும் போயின. சேலம், தருமபுரி, கள்ளக்குறிச்சி மாவட்டத்து மலைகளில் போலீஸார் அவ்வப்போது, தாமாகக் கொண்டுவந்து போட்டால் வழக்கில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் மூலமாகச் சொல்லி அனுப்புகிறார்கள். ஒரு காலையில் பார்த்தால் ஊருக்கு வெளியே மரத்தடியில் துப்பாக்கிகள் கிடக்கும். போட்டவர் யாரென்று யாரும் கேட்பதில்லை. ஸ்டேஷன் வாசலில் அவற்றை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்துப் பத்திரிகையில் போடுகிறார்கள்.

அந்தப் படங்களை நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற வழக்கம் உண்டு. பெரும்பாலும் ஒற்றைக் குழல். கட்டையைக் கம்பியால் சுற்றியிருக்கும். குதிரை மட்டும் தெளிவாகத் தெரியும். 1820-இல் இங்கிலாந்துக்காரன் வளைத்த அதே வளைவு. அவற்றிலே எது கொல்லன் செய்தது, எது துரை வீட்டிலிருந்து இறங்கி வந்தது என்று பிரித்துப் பார்க்க யாரும் இல்லை. எல்லாம் ஒரே எண்ணிக்கையில் சேர்ந்துவிடுகின்றன.

கவுண்டர் வீட்டுத் துப்பாக்கி முறையாகவே ஸ்டேஷனில் ஒப்படைக்கப்பட்டது. லைசென்ஸ் புத்தகத்தை மட்டும் தகரப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருக்கிறார். எடுத்துக் காட்டினார். ரப்பர் முத்திரைகள் ஊதா நிறத்தில் ஊறிப் போயிருக்கின்றன. ஒரு பக்கத்தில் கேப்பு வாங்கிய கணக்கு, மணி மணியான கையெழுத்தில். அவர் பேரன் அதை நூறு தடவை பார்த்தவன் போல எட்டிப் பார்த்துவிட்டு வெளியே போனான். முந்தின ராத்திரி பன்றி வந்து கிழங்குக் கொல்லையில் கால் பாகத்தைக் கிளறிவிட்டிருந்தது. பேரன் ஒரு பழைய எண்ணெய் டின்னில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான், அன்றிரவு தட்டுவதற்கு.